கணிப்பொறிக்குள் ஒரு துறைமுகம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பழமொழி புதிதன்று. ஆனால் பழமொழியை அறிந்திருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு. இந்த உண்மையை நாங்கள் நால்வரும் இந்த ஆண்டு கைப்பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். கடலில் அன்று; எம் பள்ளியின் கணிப்பொறி அறையில்! அந்த அனுபவத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது சிஸ்டரின் விருப்பம். ஆகவே, அன்புத் தோழியரே, எங்கள் தவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்!

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று ஜூன் மாதமே பேசத் தொடங்கினோம். நம் ஊரை முத்துநகர் என்று உலகமே அழைக்கிறது. ஆனால் கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டில் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் அம்மாமார்கூட அதைப் பார்த்ததில்லை. சிப்பிகள் படிந்து கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். அப்படி ஒரு பாரையும், கல்லைக் காலில் மாட்டி இறங்கும் குளியாளையும், மேலே படகில் கயிறு பிடித்து நிற்பவரையும் கணிப்பொறித் திரையில் வரைந்து, பார்ப்பவர் தாமே கடலுக்குள் இறங்கிச் சுற்றி வருவதுபோல் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம் என்று சிஸ்டர் சொன்னார்கள். ஆனால் எம் அறையிலுள்ள பழைய கணிப்பொறிகளோ அந்த மென்பொருளைத் திறப்பதற்கே பெருமூச்சு விட்டன!

அப்போதுதான் எம் பள்ளியின் பழைய மாணவி ஒருவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், தம்மிடமிருந்த ஒரு செயலியைப் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்டெல் நிறுவனத்தின் ஐ5-10400. தீப்பெட்டியைவிடக் குட்டையான சதுரத் தகடு. அதற்குள் ஆறு கோர்கள்! சிஸ்டர் அதை எங்கள் கையில் கொடுத்து, “மூளை வந்துவிட்டது. உடம்பை நீங்கள் சேருங்கள் பார்க்கலாம்” என்றார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பனிமய மாதா திருவிழா நாட்களில் வீட்டு வாசலில் நன்னாரி சர்பத் விற்றோம். வாழ்த்து அட்டைகள் வரைந்து விற்றோம். பெற்றோர் சிலர் தம்மால் இயன்றதைத் தந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்லியே ஆகவேண்டும். எங்களுள் ஒருத்தியின் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இராது. அந்த மாதங்களுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலிருந்து 500 ரூபாயை எடுத்து, மடித்து மடித்துச் சிறிதாகிப்போன ஐந்து நூறு ரூபாய்த் தாள்களாக எங்களிடம் கொடுத்தார். “நல்லதா வாங்குங்க” என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொற்களும் பிறகு எங்களைத் தூங்கவிடவில்லை.

வாங்கச் செல்லுமுன் சிஸ்டர் ஓர் அறிவுரை சொன்னார்கள். “முதலில் தாய்ப்பலகையைப் பற்றிப் படியுங்கள். அதிலுள்ள சிப்செட் எது, அது எதை ஏற்கும், எதை ஏற்காது என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.” நாங்களும் தலையை ஆட்டினோம். ஆனால் மனமோ நினைவகத்தின்மீது இருந்தது. தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, வெறும் பச்சைப் பலகைதானே, அதில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிட்டோம். எங்களுள் ஒருத்தியின் மாமா வேலை நிமித்தமாகச் சென்னை சென்றிருந்தார். ரிச்சி தெருவில் கிடைப்பதிலேயே விலை குறைந்த பலகையை வாங்கிவரச் சொன்னோம். எச்410 என்ற சிப்செட் கொண்ட பலகை அது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் மாமாவின் மடியிலேயே பயணம் செய்து வந்து சேர்ந்தது.

மிச்சப்படுத்திய பணத்தில் ‘நல்ல’ நினைவகம் வாங்க நம் ஊர்க் கடைக்குப் போனோம். வெள்ளி நிறத் தகடு போர்த்தி, வண்ண விளக்கு எரியும் 16 ஜிபி நினைவகம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னியது. அதன்மேல் 3200 என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தவற்றில் 2666 என்று இருந்தது. பெரிய எண்தானே சிறந்தது! கடை அண்ணாச்சி, “எந்த போர்டுல போடப் போறீங்க பாப்பா?” என்று கேட்டார். “அதெல்லாம் பார்த்தாச்சு அண்ணாச்சி” என்றோம் ஒரே குரலில். பொய் சொல்வதிலும் எத்தனை ஒற்றுமை பாருங்கள்!

ஒரு சனிக்கிழமை காலை. சிஸ்டர் மேற்பார்வையில் எல்லாவற்றையும் பூட்டினோம். செயலியை அதன் குழியில் வைக்கும்போது எங்களுள் ஒருத்தி கண்ணை மூடிச் செபித்தாள். மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. கைதட்டினோம். ஆனால் பயாஸ் என்னும் முதற்பக்கத்தில் ஓர் எண் எங்கள் கைதட்டலை நிறுத்தியது. நினைவகத்தின் வேகம்: 2666.

அணைத்துப் போட்டோம். கழற்றி மாட்டினோம். அடுத்த குழியில் மாட்டினோம். அதே 2666. விளக்கு மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று அழகாக எரிந்துகொண்டிருந்தது. சரி போகட்டும் என்று முத்துப்பாரைத் திறந்தால், குளியாள் கடலுக்குள் இறங்கவில்லை. படிக்கட்டில் இடறி விழுவதுபோல் விட்டுவிட்டு விழுந்தார்!

எங்கள் கோபம் முழுவதும் அந்தப் பலகைமேல் பாய்ந்தது. “மலிவுப் பலகை நம்மை ஏமாற்றிவிட்டது” என்றோம். உப்பளத்து அம்மாவின் மகளோ ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, “அம்மாகிட்ட என்ன சொல்ல?” என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலை எங்களுள் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். அவளுடைய தாத்தா இளவயதில் தோணி வேலை பார்த்தவர். முற்றத்தில் உட்கார்ந்து எங்கள் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “கணிப்பொறி எனக்குத் தெரியாது. ஆனா நீங்க சொல்றது பழைய துறைமுகத்துக் கதை மாதிரி இருக்கு” என்றார்.

“அப்பல்லாம் பெரிய கப்பல் கரைக்கு வராது பிள்ளைகளா. கரையோரம் ஆழம் கிடையாது. சில மைலுக்கு அங்கிட்டு நங்கூரம் போட்டு நிக்கும். நாங்க தோணியில போய்ச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டாருவோம். கப்பல் எம்புட்டுப் பெருசா இருந்தா என்ன? தோணி கொள்ளுறதுதான் கரைக்கு வரும். தோணி திரும்பி வர்ற வரைக்கும் கப்பலும் சும்மா நிக்கும், கரையில கூலியாளும் சும்மா நிப்பான்.”

நம் துறைமுகம் 1974-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது என்று பொது அறிவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். 2011 முதல் அது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆண்டுக்குப் பின்னால் இப்படியொரு வாழ்க்கை மாற்றம் இருப்பதை அன்றுதான் உணர்ந்தோம். “புதுத் துறைமுகத்துல கப்பல் நேரா தளத்துல வந்து ஒட்டுது. நடுவுல தோணிக்கு வேலை இல்ல. அதுக்காகத் துறைமுகத்துக்கு வேலை இல்லேன்னு சொல்ல முடியுமா? எத்தனை அடி அமிழ்ந்த கப்பல் உள்ள வரலாம்னு சொல்றது அதுதானே!” என்று முடித்தார் தாத்தா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிஸ்டரிடம் அனுமதி பெற்று, செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாத வேலையைச் செய்தோம். சிப்செட்டைப் பற்றிப் படித்தோம். தாத்தா சொன்ன துறைமுகம் ஒவ்வொரு பக்கத்திலும் எங்களுக்குத் தெரிந்தது.

செயலி என்பது கரையிலுள்ள ஊர். வேலை நடக்கும் இடம். நினைவகம் என்பது சரக்கு நிறைந்த கப்பல். முற்காலத்துப் பலகைகளில் இவ்விரண்டுக்கும் நடுவே சிப்செட் நின்றது. அது பெரும்பாலும் இரண்டு சில்லுகளாக இருந்தது. செயலிக்கு அருகில் இருந்ததை வடபாலம் என்றும், தள்ளி இருந்ததைத் தென்பாலம் என்றும் அழைத்தார்கள். நினைவகத்திலிருந்து எதை எடுத்தாலும் வடபாலம் வழியாகத்தான் செயலிக்கு வரவேண்டும். வடபாலம்தான் தோணி! ஒரே செயலியை, ஒரே நினைவகத்தை இரண்டு வெவ்வேறு சிப்செட்டுகளில் பொருத்தினால் வேகம் வேறுபட்டது இதனால்தான். அக்காலத்தில் இன்டெல் மட்டுமன்றி வியா, சிஸ், என்விடியா போன்ற நிறுவனங்களும் சிப்செட் செய்து ஒன்றோடொன்று போட்டியிட்டன.

இதில் எங்களை வியக்க வைத்த செய்தி ஒன்று. 1997-இல் பென்டியம் செயலிகளுக்காக இன்டெல் வெளியிட்ட 430டிஎக்ஸ் என்ற சிப்செட் 256 எம்பி வரை நினைவகத்தை ஏற்றது. ஆனால் பலகையிலிருந்த விரைவுக் களஞ்சியமான ‘கேஷ்’ வழியாக முதல் 64 எம்பியை மட்டுமே அதனால் கையாள முடிந்தது. அதற்குமேல் உள்ள பகுதி அந்த உதவியின்றி மெதுவாகவே இயங்கியது. ஆகவே, வேகம் கூடும் என்று நம்பிக் கூடுதல் நினைவகத்தைப் பணம் கொடுத்து வாங்கி மாட்டினால், சில வேலைகளில் கணிப்பொறி முன்பைவிட மெதுவாகும்! எங்களுக்கு முன்பே எங்களைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பின்பு புதுத் துறைமுகம் வந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் 2003-இல் ஆப்டெரான், அத்லான் 64 ஆகிய செயலிகளை வெளியிட்டபோது, நினைவகத்தை ஆளும் பகுதியைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டது. இன்டெல் 2008-இல் கோர் ஐ7 செயலியில் அதே வழிக்கு வந்தது. கப்பல் நேரே தளத்தில் வந்து ஒட்டியது. தோணிக்கு வேலை போயிற்று. வடபாலம் என்ற சில்லு மெல்ல மெல்லப் பலகையிலிருந்தே மறைந்தது. இன்று சிப்செட் என்று சொல்வது பெரும்பாலும் மிச்சமுள்ள ஒரு சில்லைத்தான்.

அப்படியானால் இன்றைய சிப்செட்டுக்கு என்ன வேலை? இரண்டு வேலைகள் என்று எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

முதல் வேலை, துறைமுகத்தின் வாயிலும் தண்டவாளமும் செய்யும் வேலை. யு.எஸ்.பி. துளைகள், வட்டுகள், வலைத்தொடர்பு, ஒலி ஆகிய பலவும் சிப்செட்டில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரே பாதை வழியாகச் செயலிக்குப் போகின்றன. இது சிறிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். 2011-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இன்டெல் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புதிதாக வந்த செயலிகளுக்குத் துணையான 6-வரிசைச் சிப்செட்டில், வட்டுகளை இணைக்கும் சில துறைகள் நாளடைவில் தேய்ந்துபோகக்கூடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். செயலியில் ஒரு குற்றமும் இல்லை. ஆயினும் சிப்செட் அனுப்புவதை நிறுத்தி, பலகைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பழுது நீக்கி மாற்றிக் கொடுக்க மட்டும் ஏறத்தாழ 70 கோடி டாலர் ஆகும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. மூளை நன்றாக இருந்தும் உடம்பு படுத்துவிட்டது!

இரண்டாம் வேலை, எத்தனை அடி அமிழ்ந்த கப்பல் வரலாம் என்று சொல்லும் வேலை. எங்கள் தவறு இங்கேதான் இருந்தது. ஐ5-10400 செயலிக்கு இன்டெல் விதித்துள்ள நினைவக வேகம் 2666. அதற்கு மேலே ஓட்டுவது செயலியின் உறுதிமொழியைத் தாண்டி ஓட்டுவதாகும். அதற்குச் சிப்செட்டின் அனுமதி வேண்டும். அந்தத் தலைமுறையில் இசட்490 என்ற விலை உயர்ந்த சிப்செட் அனுமதி தந்தது. பி460, எச்410 இரண்டும் தரவில்லை. 2021-இல் வந்த பி560 முதல்தான் நடுத்தர விலைப் பலகைகளிலும் நினைவகத்துக்கு அந்த வாயில் திறந்தது. ஆகவே எங்கள் 3200 நினைவகம் பழுதானதன்று, பலகையும் ஏமாற்றவில்லை. ஆழம் பார்க்காமல் கப்பலைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்தாம்.

“அப்படியானால் இசட்490 வாங்கியிருக்க வேண்டும்” என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்று சுண்ணக்கட்டியைக் கொடுத்தார்கள். போட்டோம்.

2666 என்பது நினைவகம் ஒரு நொடியில் ஏறத்தாழ 266 கோடி முறை சரக்கு மாற்றுகிறது என்பதைக் குறிக்கிறது. ஒவ்வொரு முறையும் 8 பைட். ஆகவே நொடிக்குச் சுமார் 2,133 கோடி பைட். 3200 வேகத்தில் ஓடினால் நொடிக்கு 2,560 கோடி பைட். ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல்! அதற்காக இருமடங்கு விலையுள்ள பலகையை வாங்க வேண்டுமா? மேலும் இசட்490-இல் பொருத்தினாலும் எங்கள் செயலியின் வேகத்தைக் கூட்ட முடியாது. ஏனெனில் பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்துள்ள செயலிகளுக்குத்தான் அந்தப் பூட்டுத் திறந்திருக்கிறது. எங்கள் ஐ5-10400 பூட்டிய செயலி. இசட்490-இல் இருந்தாலும் எச்410-இல் இருந்தாலும் அதற்கென்று விதித்த உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ்தான். அப்படியானால் நாங்கள் ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்த அந்த மலிவுப் பலகை எங்கள் செயலிக்குப் போதுமான பலகைதான்!

பிறகு ஏன் குளியாள் இடறி இடறி விழுந்தார்? பலகையை மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தோம். நினைவகத்துக்கு இரண்டு குழிகள். ஒன்றில் எங்கள் வண்ண விளக்கு. மற்றொன்று காலி. இரண்டு குழிகளும் இரண்டு தனித்தனி வழிகள் என்று பலகையின் கையேட்டில் தெளிவாக அச்சிட்டிருந்தது. இரு தளம் உள்ள துறைமுகத்தில் ஒரே பெரிய கப்பலைக் கொண்டுவந்து ஒரு தளத்தில் நிறுத்தி, மறு தளத்தை வெறுமையாக விட்டிருந்தோம்! 16 ஜிபியை ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கிப் பொருத்தியிருந்தால், அதே 2666 வேகத்தில் நொடிக்கு 4,266 கோடி பைட் வரை சரக்கு வந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு அன்று, இருமடங்கு!

எல்லா வேலைகளுக்கும் இது இருமடங்கு வேகம் தராது. கட்டுரை தட்டச்சு செய்பவருக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் எங்கள் கணிப்பொறியில் படம் வரைவதற்கென்று தனி அட்டை இல்லை. செயலிக்குள் இருக்கும் வரைபகுதி தனக்கென்று தனி நினைவகம் இல்லாமல் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்கிறது. அதனால் கடலையும் பாரையும் வரையும் வேலைக்கு இந்த வழி இரண்டாவது மிகவும் பயன்படும் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கடை அண்ணாச்சியிடம் போனோம். பெட்டி கிழியாமல் இருந்தது. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். “அன்னைக்கு நான் கேட்டேன்ல?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தலை குனிந்து நின்றோம். பிறகு ஒன்றும் சொல்லாமல் விளக்கு இல்லாத, தகடு இல்லாத, 2666 என்று எழுதிய 8 ஜிபி நினைவகங்கள் இரண்டை எடுத்து வைத்து, மிச்சம் 350 ரூபாயையும் கையில் கொடுத்தார். மலிவான பொருளை வாங்கிக்கொண்டு அத்தனை மகிழ்ச்சியோடு நாங்கள் எந்தக் கடையிலிருந்தும் திரும்பியதில்லை.

மறுநாள் இரண்டு குழிகளிலும் பொருத்தினோம். பயாஸ் பக்கத்தில் அதே 2666. ஆனால் பக்கத்தில் ‘இருவழி’ என்று குறிக்கும் சொல் புதிதாகத் தோன்றியது. முத்துப்பாரைத் திறந்தோம். குளியாள் இறங்கினார். இடறவில்லை. கயிறு அசைந்தது, சிப்பிகளைக் கடந்து மீன் கூட்டம் வழுக்கிக்கொண்டு போயிற்று. கைதட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஆனால் ஒரு வேலை மிச்சமிருந்தது. பொருளை மாற்றிவிட்டோம், யாருக்கும் நட்டமில்லை, இனி உப்பளத்து அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டுமா? இப்படியும் எங்களுள் ஒருத்தி கேட்டாள். அவள் யார் என்று எழுதமாட்டோம். நால்வர் மனத்திலும் அந்தக் கேள்வி இருந்தது என்பதே உண்மை. அம்மாவின் மகள்தான் முடிவு செய்தாள். “நல்லதா வாங்குங்கன்னு சொன்னாங்க. நாம பகட்டா வாங்கினோம். சொல்லணும்” என்றாள்.

நால்வரும் போனோம். உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி 350 ரூபாயை நீட்டினோம். பொறுமையாகக் கேட்டார். “இப்ப ஓடுதா?” என்றார். “ஓடுதும்மா.” “அப்ப இது எதுக்கு? பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது பள்ளிக்கூடத்துக்கு” என்று பணத்தை வாங்க மறுத்துவிட்டார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, “நாங்க உப்பை நிறுக்கிறதுக்கு முந்தித் தராசைப் பாப்போம். நீங்க நிறுத்த பெறவு பாத்திருக்கீங்க” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கண்காட்சி நாளன்று அவர் வந்திருந்தார். தம் மகள் சுட்டியை நகர்த்த, திரையில் கடலடி விரிவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோணித் தாத்தாவும் வந்து, கயிறு பிடிப்பவர் நிற்கும் விதம் சரியில்லை என்று திருத்தம் சொன்னார்! அந்தச் சுட்டி 350 ரூபாயில் வாங்கியது என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறோம்.

இதைப் படிக்கும்போது இன்னொன்றையும் அறிந்து மகிழ்ந்தோம். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் ‘சக்தி’ என்ற பெயரில் செயலிகளை வடிவமைத்து வருகிறார்கள். அந்த வரிசையில் 2020-இல் அறிவிக்கப்பட்ட ‘மௌஷிக்’ என்ற சில்லு சண்டிகரில் வார்க்கப்பட்டது. செயலியோடு அதைச் சூழ்ந்த பல பகுதிகளையும் ஒரே சில்லுக்குள் அடக்கி, அதற்கென்றே ‘ஆர்டோனிக்ஸ்’ என்ற தாய்ப்பலகையையும் உருவாக்கினார்கள். மூளையைச் செய்தவர்கள் உடம்பை மறக்கவில்லை! நம்மில் யாரேனும் ஒருநாள் அந்தப் பணியில் சேரலாம் அல்லவா?

தோழியரே! அடுத்த ஆண்டு எம் அறைக்கு இன்னொரு கணிப்பொறி சேர்க்கப்போகும் தங்கைமார்களே! உங்களுக்காகக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் சிஸ்டர் சொல்லி நாங்கள் எழுதி வைத்திருப்பதை இங்கும் தருகிறோம். செயலி எது என்று தெரிந்ததும், அதை ஏற்கும் சிப்செட்டுகள் எவை என்று பாருங்கள். நினைவகத்துக்கு அந்தச் செயலி எவ்வளவு வேகம் விதித்திருக்கிறது, சிப்செட் அதற்கு மேல் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதிக்காவிட்டால் பெரிய எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழிகள் இரண்டிருந்தால் இரண்டையும் நிரப்புங்கள். பூட்டிய செயலிக்குத் திறவுகோல் உள்ள பலகை வாங்காதீர்கள். கடைக்காரர் கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்!

அந்தக் கணிப்பொறி இப்போதும் எம் அறையின் சன்னலோரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் விளக்கு எதுவும் எரிவதில்லை. தாய்ப்பலகையின் பெட்டியை மட்டும் தூக்கி எறியாமல் அலமாரியின் மேல் வைத்திருக்கிறோம். அதன்மேல் எச்410 என்ற எழுத்து கொட்டையாக, முதல் நாளே யாரும் படிக்கக்கூடிய அளவில், அச்சிடப்பட்டிருக்கிறது.